அறுநூற்றுப் பதினெட்டு மீட்டர்

போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளை
பள்ளி வாசலிலிருந்து அறுநூற்றுப் பதினெட்டு மீட்டரில் தூங்கியது.
அதற்கு முந்தைய வருடம் எழுநூற்று நாற்பது.
வட்டம் வற்றிக்கொண்டே வருகிறது,
அடுப்பில் மறந்துபோன பால்போல,
ஓரத்தில் ஒரு கறையை விட்டுவிட்டு.
அந்தக் கறைக்கும் அப்பால்
வாடகைக்கு இருக்கிறோம்.

க்வேக்கு கொதிகலன் பழுதுபார்ப்பவன்.
லண்டனில் எத்தனையோ வீடுகளின் வயிற்றுக்குள்
முழங்கை வரை கைவிட்டவன்.
தனக்கென்று ஒரு கொதிகலன் இல்லை.
இரவு மேசையில்
அவன் வங்கி தருகிற எண்ணைச் சொல்வான்,
நான் மீட்டரைச் சொல்வேன்.
இதே மேசையில் முன்பு
வேறு என்னென்னவோ பேசியிருக்கிறோம்.

இரண்டு வீடுகள்.
ஒன்று ஐந்நூற்று எழுபதில்,
சலவைக்கடைக்கு மேலே, ஒன்றரைப் படுக்கையறை.
அரை என்றால் ஜன்னல் வைத்த அலமாரி.
தரகன் அதன் விலையை
இருமலோடு இருமலாகச் சொன்னான்.
மற்றது ரயில் முடிகிற இடத்தில்.
மூன்று அறை, ஒரு பிளம் மரம்,
நாய் வளர்க்கலாம் என்கிற அளவுக்குப் புல்.
அங்குள்ள பள்ளி எப்படி என்று கேட்டால்
எல்லோரும் மரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் விண்ணப்பம்.
அதற்குள் சாவி கைக்கு வரவேண்டும்,
இல்லை, பத்திரத்தில் மையாவது உலர்ந்திருக்க வேண்டும்.
கார்க்கிலிருந்து அக்கா ஃபியனூலா கேட்டாள்:
"நம்ம பள்ளிக்கூடம் ஒழுகும், ஞாபகம் இருக்கா?
நீ ஒரு பல் மருத்துவமனையில வேலை பார்க்கலையா?"
பார்க்கிறேன்.
அங்கேயும் நாற்காலியில் சாய்கிறவர்கள் எல்லாம்
மரப்பு ஊசி இறங்கி நாக்கு தடிக்கும்வரை
பள்ளிகளைப் பற்றியே பேசுகிறார்கள்.

எஸிக்குப் பத்து வயது.
நாங்கள் தாழ்ந்த குரலில் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறாள்.
வரைபடத்தை விரித்து
சலவைக்கடையிலிருந்து பள்ளிவரை பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.
"நேர்கோட்டுலதான் அளப்பாங்களாம்.
சனிக்கிழமை இதுலயே நடந்து பார்ப்போமா?"

இருபதாவது அடியில் ஒரு சுவர்.
சுற்றிக்கொண்டு போனோம்.
பேருந்துப் பணிமனை; காவலாளி சிரித்துக்கொண்டே
முடியாது என்றார்.
கோடு அடுத்து ஒரு சமையலறைக்குள் போகிறது என்றாள்.
எட்டிப் பார்த்தோம்:
ஒருவர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்,
தன் அடுப்புக்கு மேலாக
யாரோ ஒரு சிறுமியின் ஏழு வருடம் போவது தெரியாமல்.
கால்வாயில் கோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.
பாலம் வெகுதூரம் தள்ளி.
சாம்பல் நாரை ஒன்று நேராக அக்கரைக்குப் பறந்தது.
"அதுக்கு இடம் கிடைச்சிரும்" என்றான் க்வேக்கு.
அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

வாசலை அடைந்தபோது
கைபேசி ஆயிரத்து நானூறு மீட்டர் என்றது.
பூட்டியிருந்தது.
எஸி கம்பிகளுக்கிடையே முகத்தை அழுத்தினாள்.
என்ன தெரியுது?
"குப்பைத்தொட்டி. காத்துப்போன பந்து.
யாரோ விட்டுட்டுப் போன ஒத்தைக் கையுறை."
பிடிச்சிருக்கா?
"கையுறை பிடிச்சிருக்கு."

திரும்பும் வழியில் தரகன் அழைத்தான்.
இன்னொருவர் ஒன்பதாயிரம் கூடுதலாகச் சொல்லிவிட்டாராம்.
திங்கள்கிழமை காலைவரை நேரம்.

தூக்கம் வரவில்லை.
எங்கள் பிள்ளை உள்ளே நுழைந்தால்
வட்டம் இன்னும் மயிரளவு சுருங்கும்.
அறுநூற்றுப் பதினேழில் தூங்குகிற ஏதோ ஒரு பிள்ளை
வெளியே விழும்.
பையனோ பெண்ணோ.
அதற்கு பிளம் பிடிக்குமோ என்னவோ.
இதை க்வேக்குவிடம் சொன்னேன்.
"பத்தாயிரம் சொல்லிப் பார்ப்போமா?" என்றான்.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சுவருக்குள் கொதிகலன் தட்டியது.
வீட்டுக்காரர் மூன்று மாதமாக வருகிறேன் என்கிறார்.
க்வேக்கு எழுந்து, விளக்குப் போடாமல்,
வெறுங்காலோடு போய்த் திருகிவிட்டு வந்தான்,
சொந்தமானதைத் திருகுவதுபோல
மெதுவாக.