க்யூவுக்கும் டீக்கும் இடையே

என் வேலை அளப்பது.
இளஞ்சிவப்புக் கட்டத்தாளில்
க்யூ என்றொரு சிறு பள்ளம்,
டீ என்றொரு மேடு.
பள்ளம் தொடங்கி மேடு அடங்கும்வரை
எத்தனை மில்லி நொடி என்று
கவராயத்தின் இரு கால்களால்
நடந்து பார்ப்பேன்.
ஐந்நூறைத் தாண்டினால்
சிவப்புப் பேனா.

சோஹார். ஆகஸ்ட்.
ஆய்வறை ஏசி பதினெட்டில் நடுங்குகிறது.
திடீரென இதயம் நின்றவர்கள்
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
அலமாரியில் அகரவரிசையில் இருக்கிறார்கள்.
மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தவர்களா இவர்கள்?
ஆம். இல்லை. தெரியவில்லை.
தெரியவில்லைக்குத்தான்
இன்னொரு தட்டு வாங்கவேண்டி வந்தது.

நூற்று நாற்பத்தேழாம் கோப்பு
தவசிமணி, முப்பத்தெட்டு வயது,
அலுமினிய உருக்காலை, காலை ஷிப்ட்.
ஃபலஜ் அல் கபாயில் முகாமில்
மேல்கட்டிலில் நாலரைக்கு
அலாரம் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.
கீழ்க்கட்டில் நேபாளி ஏறிப்போய் அணைத்தான்.
அவன் கொடுத்த வாக்குமூலத்தில்
அலாரத்தைப் பற்றித்தான் அதிகம்.

'இதயம் நின்றது. இயற்கை மரணம்.'
சான்றிதழில் அவ்வளவுதான்.
எல்லாச் சாவிலும் இதயம் நிற்கத்தானே செய்யும் என்று
டாக்டர் ஷிரீஃபிடம் கேட்டேன்.
கெய்ரோக்காரர், எதற்கும் சிரிப்பவர்.
அன்று கண்ணாடியைத் துடைத்தார்.

பெட்டிக்குள் பல்பொடி டப்பா,
டப்பாவுக்குள் வெள்ளை மாத்திரை பதினொன்று.
பேர் சொல்லும் அட்டையைக் கிழித்துப் போட்டிருக்கிறான்.
மெடிக்கலில் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களென
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
பக்கத்திலேயே நெஞ்சுச் சளிக்கு ஒரு ஆன்டிபயாடிக்.
அது வேறு கிளினிக், வேறு டாக்டர்,
இந்த டப்பாவை அவருக்குத் தெரியாது.
தனித்தனியே சாது,
சேர்ந்தால் மேட்டைத் தள்ளிக்கொண்டே போகும்
ரெண்டு மருந்துகள்.
உப்பெல்லாம் உலை வாசலில் சிந்திய உடம்பு வேறு.

படிவத்தில் மருந்துக்குக் கட்டம் உண்டு.
வெயிலுக்கு இல்லை.
ஓவர்டைமுக்கு இல்லை.
அவனுடைய ஒரே இசிஜி
விசாவுக்கு எடுத்தது, மாத்திரைக்கு முந்தியது.
அளந்தேன்: நானூற்றுப் பத்து.
நல்ல பையன் மாதிரி
கோட்டுக்குள் நடந்திருந்தது.

சாத்தான்குளத்திலிருந்து செல்லக்கனி பேசினாள்.
நஷ்டஈடு பற்றிக் கேட்பாள் என்று
பேப்பரை எடுத்து வைத்திருந்தேன்.
"அந்த மாத்திரைய விட்டுராதியன்னு
நாந்தான் சொன்னேன், சார்.
அதத் தின்ன பொறவுதான்
போன்ல மொகம் பாத்துச் சிரிச்சாவ.
நானா கொன்னுட்டேன்?"

தொடர்பு வேறு, காரணம் வேறு.
சோர்வும் இதயத்தைத் தின்னும்.
மாத்திரை எடுக்காமலே போனவர்களுக்கு
எங்களிடம் அலமாரி இல்லை,
அதற்கு யாரும் நிதி கொடுக்கவில்லை.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
மூன்று பதில்களில்
எனக்கு உரிமையுள்ளது மூன்றாவது மட்டும்.
அதுவும் தெரியும்.

"இல்லம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டுப்
படிவத்தில் 'ஆம்' என்ற கட்டத்தில்
டிக் போட்டேன். அதுவும் உண்மைதான்.
மாத்திரை எடுத்தானா என்றுதானே கேள்வி.

ஆறு மணிக்கு முகாம் பஸ்கள்
கரக் கடை வாசலில் ஆட்களை இறக்குகின்றன.
க்யூ சாலைவரை நீள்கிறது.
டீ கைக்கு வர
இன்று ஏனோ ரொம்ப நேரமாகிறது.
யார் பெட்டியில் யார் டப்பா என்று
முகம் முகமாகப் பார்க்கிறேன்,
பார்த்தால் தெரிந்துவிடுவதுபோல.
எனக்கு முன்னால் நிற்பவன் முதுகில்
வியர்வை காய்ந்த நீலச் சட்டை,
அதில் வெள்ளையாய் ஓர் உப்புக்கோடு,
ஒரு பள்ளம், கொஞ்சம் சமவெளி,
பிறகு ஒரு மேடு.

கவராயம் அறையில் இருக்கிறது.
விரலை விரித்து
காற்றில் அளக்கிறேன்.