சீசன் டிக்கெட்

பரிசோதகர்களை ஷூவை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.
நாள் முழுக்க நிற்பவர்களின் தடித்த ரப்பர் அடி,
கறுப்பு, மழை தாங்கும்.
முகத்தைத் தேடினால் தொலைந்தாய்,
அது உன்னைத் திரும்பிப் பார்க்கும்.

கோட்புஸிலிருந்து ஃபால்கன்பெர்க் போகும்
இரண்டு பெட்டி வண்டி.
கலாவில் நான் ஏறுவேன்.
பைன் மரங்கள்,
பிறகு பைன் மரங்கள்,
பிறகு அந்தக் குரல்:
"புதிதாக ஏறியவர்கள் டிக்கெட்டைக் காட்டுங்கள்."
வெகுநேரமாக உட்கார்ந்திருப்பவன் மாதிரி
ஜன்னலைப் பார்ப்பேன்.
அதற்கென்று ஒரு கழுத்து வேண்டும்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயமாம்.
சொன்னவன் வெறும் மடியோடு
ரயில் ஏறியதில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத்தான் போனேன்.
போகாவிட்டால் உதவித்தொகையை வெட்டுவார்கள்.
போகவர ஒன்பது யூரோ நாற்பது.
கையில் ஆறு.
ஆறுக்கு எதுவரை போகலாமோ அதுவரை போய்
காட்டில் இறங்கிக்கொள்வதா?

மூன்றுமுறை பிடிபட்டேன்.
மூன்றாவதாக எழுதியவள் ரோஸ்வித்தா,
சட்டையில் பெயர் குத்தியிருந்தது.
அறுபது யூரோ என்று அடிக்கும்போது
கைமிஷினில் தாள் சிக்கிவிட்டது.
நான் பழைய அச்சக மெக்கானிக்.
நகத்தால் நெம்பி எடுத்துக் கொடுத்தேன்.
நன்றி என்றாள். அடித்தாள்.

மஞ்சள் உறைகள் வந்தன.
பிரிக்காத கடிதத்துக்குத் தேதி கிடையாதென்று
ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கிவைத்தேன்.
ஒரு காலை ஆறு மணிக்கு
உறைகளே நேரில் வந்து கதவைத் தட்டின,
இருவராக,
ரொம்ப மரியாதையாக.

முப்பது நாள்.
சூடான சூப், தலையணை, பல் டாக்டர்கூட.
நம்மை வைத்திருக்க ஆளுக்கு ஒருநாள் செலவு
நூற்றியெண்பது என்றான் பக்கத்துக் கட்டில் எக்பெர்ட்.
அவனும் ரயில்தான்.
டிராம், என்று திருத்தினான்.
சோப்பு அட்டையின் பின்னால் கணக்குப் போட்டோம்:
அந்தக் காசுக்கு நான்
ஐந்நூற்றெழுபத்து நான்கு முறை போய்வரலாம்,
மீதிக்கு ஒரு காபி.

உள்ளே இருந்ததால் அலுவலகத் தேதி தவறியது.
வெட்டிவிட்டார்கள்.

விடுதலையன்று கவுண்டரில்
பெல்ட், சாவி, சில்லறை,
அதன் மேல் ஒரு டிக்கெட்.
வீடுவரை. ஒருவழி.
முழங்காலில் வைத்துக்கொண்டேன்
எல்லோருக்கும் தெரிகிறபடி.
டோபர்லுக்.
ஃபின்ஸ்டர்வால்ட.
கதவு திறக்கும்போதெல்லாம்
ஷூக்களைப் பார்த்தேன்.
செருப்பு. ரப்பர் பூட்ஸ். ஒரு நாயின் பாதங்கள்.

ஒருவரும் கேட்கவில்லை.

கலாவில் இறங்கினேன்.
நாளை பத்தரைக்கு
அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.