திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி

நவம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும் ட்ரொண்ட்ஹெய்மில்
யாரும் வாங்குவதற்கென்று கடைக்கு வருவதில்லை,
வெளிச்சத்துக்கு வருவார்கள்.
ஈரக் கோட்டை உதறிவிட்டு, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து,
"சும்மா பார்க்கிறோம்" என்பார்கள்.
பார்க்க என்ன இருக்கிறது இதில்,
கேளுங்கள் என்பேன்.

இந்த இருவரும் வேறு ரகம்.
எய்விண்ட் கையில் அச்சடித்த தாள் பதினான்கு.
ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரிக் கோடு:
இருபது ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஏறி
இருபதாயிரத்தில் இறங்கி
நடுவே இழுத்துக் கட்டிய கொடிக்கயிறாய் நேராக.
"உள்ளது உள்ளபடி ஒலிக்கவேண்டும்" என்றான்,
"கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."
தலையாட்டினேன்.
சாட்சிக் கூண்டில்கூட இத்தனை கண்டிப்பு கிடையாது.

கூட்வைக் கையில் ஒரே ஒரு குறுந்தகடு.
ஃபெர்ரிக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக்.
இருபத்தாறு வருட டீசல் இரைச்சலுக்கு
இடது காதின் மேல்ஸ்தாயியைக் கொடுத்துவிட்டவள்.
"பன்னிரண்டாயிரம் குரோனர்.
எனக்குக் கேட்காத சத்தத்துக்கு
நான் எதற்குக் காசு தரணும்?"

நியாயம்தான்.

என்றாலும் முப்பத்தெட்டாயிரம் ஜோடியை முதலில் போட்டேன்.
தொழில் புத்தி.
துறைமுகத்துக்காரர்களின் சேர்ந்திசை,
மரத் தேவாலயமொன்றில் பதிவுசெய்தது.
இரண்டாம் சரணத்துக்கு முன் மூச்சுவிடும் இடைவெளியில்
ஓர் இருமல்.
"யாரது?" என்றான் எய்விண்ட்.
"நான்தான். மூன்றாம் வரிசை.
ஒன்பது வருஷமாய் நம் வீட்டில் ஓடுகிற தட்டு இது."

அடுத்தது ஒன்பதாயிரம் ஜோடி.
இருமல் வெண்ணெயில் கரைந்தது.
அடிக்குரல்கள் கம்பளிக்குள் கால் நீட்டிப் படுத்தன.
"இது நேர்மையில்லை" என்றான் எய்விண்ட்.
அவன் பூட்ஸ் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சாம்பல் நிறத் திரையை இழுத்துவிட்டேன்.
மீட்டர் வைத்து இரண்டின் உரப்பையும் சமன் செய்தேன்
(ஒரு பல் கூட்டிவைத்தால் தகர டப்பாவும் இனிக்கும்,
எனக்கா தெரியாது).
எட்டு முறை மாற்றினேன். எது எதுவென்று சொல்லவில்லை.

கூட்வைக் எட்டு முறையும் இருமலைத் தேர்ந்தாள்.
"குறையை மறைக்கிற எஞ்சினை நம்பி
நான் கடலுக்குப் போனதில்லை."

எய்விண்ட் ஆறு முறை
வெண்ணெயைத் தேர்ந்திருந்தான்.
தாள்களை இரண்டாய் மடித்தான், பிறகு நான்காய்.
பிறகு மடிக்க முடியவில்லை.

நான் எதுவும் பேசவில்லை.
பின்னறைக்குப் போய்ப் பழைய ஜோடி ஒன்றைத் தூக்கிவந்தேன்.
ஏதோ பூனை துணியில் நகம் தீட்டியிருந்தது.
அடியில் கொஞ்சம் சதை குறைவு.
இருமல் மட்டும் முழுசாக இருந்தது.
ஏழாயிரத்து நானூறு.

"வீட்டில் என்ன தரை?"
"மரம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஃபியோர்ட் தெரியும்."
"மீதிப் பணத்துக்குத் தடித்த கம்பளம் வாங்குங்கள்,
கண்ணாடிக்குத் திரைச்சீலை.
ரெண்டும் நான் விற்பதில்லை."

பணம் எண்ணும்போது எய்விண்ட் மெல்லக் கேட்டான்:
"நம் ஆம்ப்ளிஃபையரில் பேஸ் திருகு இருக்கிறதல்லவா?"
"இருக்கு. நான் கப்பலில் இருக்கும்போது திருப்பிக்கொள்."

கதவருகே அவள் நின்றாள்.
தலையைச் சாய்த்து, வலது காதை மேலே கொடுத்து,
"உங்கள் காற்றுக்குழாய் விசிறியில் பேரிங் தேய்கிறது" என்றாள்.
போய்விட்டார்கள்.

பதினோரு வருடம் இந்தக் கூரைக்கடியில் காது விற்கிறேன்.
ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது ஒரு பாட்டு முடிந்து
அடுத்தது தொடங்கும் முன்
கேட்கிறது.
யாராவது உள்ளே வந்தால்
சத்தத்தை ஒரு பல் கூட்டிவைக்கிறேன்.