தங்கூசி

பிறந்தநாள் மட்டைக்குள் ஒளித்து
ஐம்பது விதை அனுப்பியிருந்தாய், ஜெயரூபி.
ஈசல் கழற்றிப்போட்ட மாதிரி
ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சிறகு.
பின்பக்கத்தில், இங்கே ஐஸ் சிட்டை எழுதிய
அதே சாய்ந்த எழுத்தில்:
"நீல ஊசி மரம். ஈரமணலில் புதைத்து
ஆறு கிழமை குளிரில் வை.
மாரி வந்து போனதென்று
விதையை நம்பவைக்க வேணும்."

மாரி.
இங்கே மாரியென்றால் கூரை ஒழுகும்,
குடாத் தண்ணி தேத்தண்ணி நிறமாகும்,
வள்ளங்களைக் கரைக்கு இழுப்பார்கள்.
உன் மாரி வேறு மாரி.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இரண்டு பேரும் எத்தனை வருசம்
காலநிலை விசாரித்திருக்கிறோம்.

வீட்டு ஃபிரிட்ஜ் பகலில் இருதரம் செத்துப் பிழைக்கும்.
அதை நம்பேலாது.
எனக்கென்ன, நான் ஐஸ் போடுகிறவன்.
உட்துறைமுக வீதி, இரவு முறை,
ஐம்பது கிலோப் பாளங்கள்,
கண்ணைக் கரிக்கும் அமோனியா.
ஜாம் போத்தல் மூடியில் உன் பெயரெழுதி
பாளங்களுக்குப் பின்னால் செருகினேன்.
ஒரு பக்கம் சூரை. மறுபக்கம் கும்பிளா.

நிசாம்தீன் திறந்து மணந்து பார்த்தார்.
"மணலுக்கும் ஐஸோ? அழுகிற சாமானா?"
"உயிர்ச் சாமான்."
"அப்ப ஏன் ஐஸில?"
பதில் வராமல்
அடுத்த பாளத்தைத் தள்ளினேன்.

முளைத்தவை மூன்று.
நெருப்புக்குச்சி உயரத் தண்டில்
ஐந்தாறு ஊசி விரித்த நட்சத்திரம்.
பச்சை. வெறும் பச்சை.
ஏமாற்றிப்போட்டாய் என்று எழுதினேன்.
நீ எழுதினாய்:
"நீலம் ஊசியின் நிறமில்லை,
மேலே படிகிற மெழுகு.
அதுக்கு வெயிலும் வேணும் வயதும் வேணும்.
என் மரத்தைப் பெருவிரலால் தடவினால்
அதுவும் பச்சைதான்.
தடவின இடத்தில் நீலம் திரும்பாது,
அடுத்த வருசத்து ஊசியில்தான்."

அன்று பின்னேரம் உப்புவெளி மணலில்
எருக்கிலையொன்றைத் தடவிப் பார்த்தேன்.
விரலில் வெள்ளை,
இலையில் பச்சை.
தெரிந்த விசயம்தான்.
தெரியுமென்று தெரியாமல் இருந்தது.

பிறகு கச்சான் பெயர்ந்தது.
ஒன்று ஒரே பகலில் வைக்கோலானது.
இன்னொன்று கழுத்தழுகிச் சாய்ந்தது,
அது என் பிழை, தண்ணி கூடிப்போச்சு.
மூன்றாவதைத் தகரப் பேணியோடு
குளிரறை வாசலில் வைத்தேன்.
கதவு திறக்கும்போதெல்லாம்
வெள்ளையாய் ஒரு மூச்சு அதன்மேல் விழும்.
ஒரு விடியற்காலை கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
ஐஸ் ஒழுகிய தண்ணியை நக்கிவிட்டு
மீன் பெட்டி மட்டையைத் தின்றது,
பேணிக்குள் மூக்கை விட்டது,
தும்மியது,
போய்விட்டது.

சித்திரையில் உன் குரல் வந்தது:
"பிந்தி விழுந்த ஈரப்பனி.
மரத்தின் தலை முறிஞ்சு போச்சு."
பக்கக் கொப்பொன்றை நிமிர்த்தித்
தடியோடு கட்ட வேணுமாம்,
ஓரிரண்டு வருசத்தில் அதுவே தலையாகுமாம்.
கொப்பைச் சுற்ற உன் மகனின் பழைய காலுறை இருக்கு.
தடியைக் கட்டக் கயிறுதான் சரியில்லை,
பனியில் ஊறி உக்குது என்றாய்.

சந்தைக்குப் போய்
நாற்பதாம் நம்பர் தங்கூசி ஒரு சுருள் வாங்கினேன்.
கடைக்காரன் கேட்டான்: "பாரையோ, விளமீனோ?"
மரம் என்றேன்.
மிச்சக்காசைக் கவனமாக எண்ணித் தந்தான்.

நேற்றுப் படம் வந்தது.
ஹாமாரில் உன் முற்றம், சாம்பல் வெளிச்சம்,
நீலமா புகையா என்று சொல்லேலாத ஒரு மரம்.
உச்சியில் காலுறை சுற்றிய கொப்பு
இன்னும் நேராகவில்லை.
தடியில் மட்டும் மெல்லிசாய் ஒரு மினுக்கம்.

நிசாம்தீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
படத்தைப் பெருப்பித்தார்,
மரத்தைப் பார்க்கவேயில்லை.
"முடிச்சுப் பிழை," என்றார்.
"அந்தப் பிள்ளைக்குச் சொல்லு,
தங்கூசி வழுக்கும்.
இன்னும் ரெண்டு சுத்துச் சுத்தி
எச்சில் தொட்டு இறுக்கச் சொல்லு."