முன்னூறுக்குப் பதினொன்று

ருஸ்தாக்குக்கு மேற்கே, வாதி திரும்பும் இடத்தில்
எண்பத்தாறு பெட்டிகள்.
ஆகஸ்ட். காலை ஐந்தே கால்.
இன்னும் விடிந்தால் மூடியைத் தொட முடியாது.

ஊறுகாய் ஜாடியில் அரை கப் தேனீ.
அரை கப் என்றால் முன்னூறு,
யாரோ பொறுமைசாலி எண்ணி வைத்த கணக்கு.
வலைமூடி வழியாக இரண்டு கரண்டி மாவுச் சர்க்கரை,
ஒரு நிமிடம் நிழலில்,
பிறகு வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்துக் குலுக்கல்.
தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரையும்.
கரையாதது உண்ணி.

கட்டைவிரலால் நசுக்கிய கடுகு மாதிரி,
ஆனால் நடக்கும்.
ஒன்பது வரை பொறுக்கலாம் என்று
கொட்டகைச் சுவரில் ஒட்டிய தாள்.
பதினொன்று.

தேனீக்களைத் திருப்பிக் கொட்டினேன்.
மாவு மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் போல
வெள்ளை வெளேரென்று வாசலில் ஏறின.
காவல் நின்ற ஒருத்தி முகர்ந்து பார்த்தாள்,
நக்கத் தொடங்கினாள்.
எந்த வாசலிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

ஷம்ஸா பின்த் ஹிலால்
பிக்கப்பை அணைக்காமலே கேட்டார்: எத்தனை?
அரபியில் எண்கள் மட்டும் எனக்குப் பிழையில்லாமல் வரும்.
சொன்னேன்.

ஃபார்மிக் அமிலம் இந்த வெயிலில் ராணியையே கொல்லும்.
மருந்துப் பட்டை வைத்தால் ஆறு வாரம்;
அக்டோபரில் இலந்தை பூத்துவிடும்,
மெழுகில் வாடை தங்கும்.
போன வருடம் வைத்தோம்,
உண்ணிக்குப் பழகிவிட்டது.

ராணிகளை அடை, என்றார்.

முட்டை இல்லையென்றால் புழு இல்லை,
புழு இல்லையென்றால் மூடிய அறை இல்லை,
உண்ணி ஒளிய வீடில்லை.
கடைசி ஆண் குஞ்சு வெளியே வர இருபத்துநான்கு நாள்.
அதன்பின் அமிலத்தைப் பாகில் கலந்து
சட்டங்களுக்கு நடுவே சொட்டுவது.

எண்பத்தாறு ராணிகள்,
முதுகில் நீலப் புள்ளி.
மொஃபஸ்ஸல் புகை போட, நான் பிடித்தேன்.
நாற்பத்தோராவது பெட்டியில்
வியர்வை கண்ணில் இறங்கியது.
விரல் அரைக் கணம் அழுத்திவிட்டது.

மொஃபஸ்ஸல் பார்க்கவில்லை,
அல்லது பார்க்காதது போல் புகை போட்டான்.
காலிக் கூண்டைத் தொங்கவிட்டு
மூடியைச் சாத்தினேன்.
ஷம்ஸாவின் நோட்டில் எண்பத்தாறும் சரி.

செப்டம்பரில் சொட்டினோம்.
மறுநாள் அடித்தட்டுகளில்
மிளகாய்த்தூள் கொட்டியது போல் கிடந்தன.
நானூறு வரை எண்ணினேன், ஒரே தட்டில்,
பிறகு துடைத்துவிட்டேன்.

கூண்டுகளை அவரே திறந்துகொண்டு வந்தார்.
முப்பத்தொன்பது. நாற்பது.
என் காலடியில் ஒரு கல் இருந்தது,
அதை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.

நாற்பத்தொன்று.
கூண்டு காலி. கதவு மூடியபடி.
அதற்குக் கீழே, சட்டத்தின் மேல்,
நீண்ட உடலோடு நிதானமாக ஒருத்தி
அறை அறையாய்த் தலைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
முதுகில் புள்ளி இல்லை.
நான் கொன்ற அன்றே அவர்கள் வளர்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

ஷம்ஸா கூண்டைப் பார்த்தார்.
அவளைப் பார்த்தார்.
என் விரல்களையும்.
பிக்கப் வரை நடந்து போய்
திரும்பி வந்தபோது கையில் ஜாடி.

எண்ணு, என்றார்.

இரண்டு.