சுழி

மழை விட்ட மூன்றாம் நாள் காலை, தெலாவியில்,
ஜும்பெர் டிராக்டரை அணைக்காமலே இறங்கிவந்து
நதேலாவின் மேசைமேல்
இரண்டு கை நிறையப் பித்தளையைக் கொட்டினான்.
பதினெட்டு நாசில்கள்.
"உன் பிள்ளைகள்தாம். மூக்கடைத்துக் கிடக்கின்றன."

அவன் தாடியில் மயில்துத்தம் காய்ந்து
நீலம் பூத்திருந்தது.

ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
ஒன்றரை மில்லிமீட்டர் வானம்.
அந்த வானத்தின் ஓரத்தில் ஒரு கீறல்.
"கம்பி விட்டுக் குத்தினாயா?"
"பின்னே? கெஞ்சிப் பார்க்கவா?"

பம்பைத் திறந்தாள். பன்னிரண்டு பார்.
கூம்பாக விரிய வேண்டிய மூட்டம்
ஒரு பக்கம் கிழிந்து
கீறலின் வழியே கயிறாக ஒழுகியது.
முடி கனமுள்ள கீறல்தான்.
தண்ணீருக்கு அது போதும், வழக்கை மாற்றிச் சொல்ல.

நேரே விட்டால் நேரே போகிற பிறவி தண்ணீர்.
அதைப் பக்கவாட்டில்,
வட்டச் சுவரை உரசினாற்போல் உள்ளே விட வேண்டும்.
சுற்றும். அறை குறுகக் குறுக இன்னும் வெறிகொண்டு சுற்றும்.
வாசலுக்கு வரும்போது
நடுவில் நிற்க அதற்கே பொறுமை இருக்காது;
ஓரத்தோடு ஓரமாய் மெல்லிய தோலாக வெளியே பாயும்,
தோல் நடுங்கி, நூலாகி, நூல் அறுந்து துளியாகும்.
நடுவில்
வெளிக்காற்று தானாக ஏறிவந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தக் காற்றுத்தண்டுக்கு அவள் வரைபடத்தில் கோடு இல்லை.
எந்தக் கடைசலிலும் அதைக் கடைந்து எடுக்க முடியாது.
ஆனாலும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை
அதுவும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.
சுற்றுவதற்கும் சுழி என்றே பேர், ஒன்றுமில்லாததற்கும் சுழி.
வைத்தவன் யாரோ,
இப்படி ஒரு துளைக்குள் எட்டிப் பார்த்திருப்பான்.

மதியம் ஒரு நாசிலை வாளால் இரண்டாக அறுத்தாள்.
உள்ளே, தரையும் சுவரும் சேரும் மூலையில்
சுண்ணாம்பு குடியேறியிருந்தது,
வாடகை கேட்க ஆளில்லாத வீட்டில்போல.
சுழல் எட்டாத மூலை.
ஸ்கேல் வைத்து, கூர்மையாக, அவளே வரைந்த மூலை.
நான்கு மாதம் அவள் சோதித்ததெல்லாம்
குழாய்த் தண்ணீர்.

ஜும்பெரிடம் அதைச் சொல்லவில்லை.
"கம்பி விடாதே" என்று மட்டும் சொன்னாள்,
குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான்கு வாய்க்கால் இரண்டாயின, அகலமாக.
மூலை சரிவானது.
கூம்பு எழுபது பாகையிலிருந்து அறுபத்திரண்டுக்கு ஒடுங்கியது.
துளி சற்றே பெருத்தது.
நோட்டில் எழுதினாள்: பரவாயில்லை.
அடித்தாள்.
மறுபடி எழுதினாள்: பரவாயில்லை.

ஜூன் பதினொன்று. சபெராவிக் கொடிகள், மேட்டு வரிசை.
பூஞ்சை வாழ்வது இலையின் அடிப்பக்கம்;
அங்கே போய்ச் சேராத மருந்து
மண்ணுக்குக் கொடுத்த சம்பளம்.
மஞ்சள் தாள்களை இலைகளின் கீழே கவ்வி மாட்டினாள்,
துளி பட்டால் நீலமாகும் தாள்கள்.
டிராக்டர் போனது. மூட்டம் இலைகளைப் புரட்டிக்கொண்டே போனது,
படுக்கையைத் தட்டிப் போடுகிறவர்களைப் போல.

பதினேழு தாள்களில் பொடிப்பொடியாய் நீலம்.
சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் இன்னும் போதாது.
உருப்பெருக்கியை வைத்து எண்ணத் தொடங்கினாள்.

பதினெட்டாவதை ஜும்பெர் கழற்றிவந்தான்,
வியர்த்த கையோடு.
துளிகள் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு
அவன் கட்டைவிரல் அதில் பதிந்திருந்தது:
வரிக்குள் வரியாய், இடமாகச் சுற்றி,
நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி
எதுவும் படாமல்.

"கெடுத்துவிட்டேனா?"

"ஆமாம்" என்றாள்.
எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.
எறியவும் இல்லை;
நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகிவிட்டு
அடுத்த வரிசைக்கு அழுத்தத்தை
ஒரு பார் ஏற்றச் சொன்னாள்.