எடைமேடையில் நாலு கால்குலேட்டர்

ஊத்துக்கோட்டை தாண்டி, நாகலாபுரம் ரோட்டில்
எங்கள் எடைமேடை.
ஜூன் முழுக்கக் கிளிமூக்கு மாங்காய்,
கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரிகள்.
பழைய கால்குலேட்டரில் கழித்தல் பட்டன் உள்ளே போய்விட்டது.
போன வாரம் ஒரு லாரியையும் மாங்காயோடு சேர்த்து
விலை போட்டுவிட்டேன்.
அதனால் போனில் நாலு ஆப்.

முதலாவது படித்த பிள்ளை.
லோடு 12480, கழித்தல், காலி வண்டி 4130,
பெருக்கல், கிலோ 12 என்று தட்டினால்
பெருக்கலை முடித்துவிட்டுத்தான் தலை நிமிரும்.
முனெய்யா கம்பெனிக்கு
முப்பத்தேழாயிரத்து எண்பது ரூபாய்
தரவேண்டும் என்றது.
அவர் சிரித்தார்.
"பொய்யில்லம்மா. உரக்கடையில போய்க் கேளு."

இரண்டாவதில் விரலால் எழுதலாம்.
மாங்காய்ப் பால் பட்டு எரிகிற விரல்.
என் ஒன்றை ஏழு என்று வாசித்தது.
திரையில் சொட்டிய வேர்வையைப்
புள்ளியாக எடுத்துக்கொண்டு
பன்னிரண்டு டன்னைப் பன்னிரண்டு கிலோ ஆக்கியது.

மூன்றாவதுக்குக் காது உண்டு.
தமிழில் வைத்திருந்தேன்;
முனெய்யா தெலுங்கில் கத்தினார்.
மூன்றுக்கு 'மூடு' என்றார். மூடிக்கொண்டது.
திறந்து கொடுத்தேன்.
நூறுக்கு 'வந்த' என்றார்.
வந்த, என்று எழுதிவிட்டு
எது வந்த, யார் வந்த என்று
கோடு மினுக்கிக்கொண்டே நின்றது.

நாலாவதில் சமக்குறியே இல்லை.
ஓர் எண்ணை வை. அதன்மேல் இன்னொன்றை வை.
என்ன செய்யவேண்டும் என்பதைப் பிறகு சொல்.
தலைகீழ்க் கணக்கு, அழித்துவிடு என்றான் லோகு.
எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.
பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பதில்
நாலாயிரத்து நூற்று முப்பதைக் கழி:
வாயால் சொல்லும்போது
கழி கடைசியில்தானே வருகிறது?
முனெய்யாவின் 'தீசேய்'யும் அங்கேதான் வரும்.

8350.
அதன்மேல் 12 வைத்தேன்.
விரல் பெருக்கலுக்குப் போகையில்
அவர் போன் அடித்தது. ஃபேக்டரி.
இன்றைக்கு எட்டு ரூபாய்தானாம்.

12ஐ எடுத்தேன். 8ஐ வைத்தேன்.
முனெய்யா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
பின்னால் ஆறு லாரி ஹாரன்.
திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எண்கள்,
வினைச்சொல் இன்னும் வரவில்லை.

"ஆகு" என்றார்.
அவர் பாஷையில், நில்.